கெட், காட்: திருநெல்வேலித் தமிழ் தெரிந்தவர்களுக்கு ஒரு குறுக்கு வழி

இங்கிலீஷ் பேசப் பழகுகிறவர்களைப் பெரிய வார்த்தைகள் படுத்துவதே இல்லை. 'என்விரான்மென்ட்' என்றால் சுற்றுச்சூழல், ஒரு தடவை மனப்பாடம் செய்தால் ஆயுசுக்கும் நிற்கும். ஆளைப் படுத்தி எடுப்பதெல்லாம் 'கெட்' மாதிரிப் பொடிசுகள்தான். அகராதியைப் பிரித்தால் பெறு, வாங்கு, அடை, ஆகு, புரிந்துகொள், போய்ச் சேர், செய்யவை என்று போய்க்கொண்டே இருக்கும், பாதிப் பக்கம் தாண்டுவதற்குள் நமக்குக் கொட்டாவி வந்துவிடும். பஸ் ஸ்டாண்டில் விற்கிற ஸ்போக்கன் இங்கிலீஷ் புத்தகங்களும் அந்தப் பட்டியலைத்தான் அப்படியே இறக்கி வைத்திருக்கின்றன.

பட்டியலை விட்டுவிடுங்கள். நெல்லைப் பக்கம் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல்லைப் பிடிக்க வேறொரு வழி இருக்கிறது, அது நாம் நாள் முழுக்கப் பேசுகிற பேச்சிலேயே இருக்கிறது. பாளையங்கோட்டையில் காலேஜ் முடித்துவிட்டு இன்டர்வியூவுக்கு அலைகிறவர்கள், வளைகுடாவுக்கு விசா எடுத்து வைத்திருப்பவர்கள், பிள்ளையின் ஹோம்வொர்க்கைப் பார்க்கும்போது நமக்கும் கொஞ்சம் வந்தால் நன்றாக இருக்குமே என்று நினைக்கிற அம்மாக்கள், எல்லாருக்குமாகத்தான் இதை எழுதுகிறேன். இலக்கணப் பெயர்கள் அவ்வளவாக வராது. இங்கிலீஷ் வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன், கண்ணால் மேயாமல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இப்போது நடப்பதற்கு 'கெட்', நடந்து முடிந்ததற்கு 'காட்'. தமிழில் எழுதினால் ஏதோ கெட்டுப்போன மாதிரித் தெரிகிறது, அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

முதல் படி: நம்ம ஊர் 'ஆயிட்டு'

சென்னையில் 'நேரம் ஆயிடுச்சு' என்பார்கள், மதுரையில் 'ஆயிருச்சு', நம்ம பக்கம் 'நேரம் ஆயிட்டு'. வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுவிட்டு, 'ஆயிட்டு... அப்புறம்?' என்று மிச்ச வாக்கியத்துக்காக வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நமக்கு அதோடு வாக்கியம் முடிந்துவிட்டது. சற்றுமுன் ஒரு மாதிரி இருந்தது, இப்போது வேறு மாதிரி ஆகிவிட்டது, அந்த மாற்றத்தைத்தான் 'ஆயிட்டு' சொல்கிறது. 'காட்' செய்கிற முக்கியமான வேலையும் அதேதான்.

'லேட்டாயிட்டு': 'இட் காட் லேட்'. 'தண்ணி சூடாயிட்டு': 'தி வாட்டர் காட் ஹாட்'. 'துணியெல்லாம் ஈரமாயிட்டு': 'தி க்ளோத்ஸ் காட் வெட்'. 'ஆச்சிக்கு உடம்பு சரியாயிட்டு': 'ஆச்சி காட் பெட்டர்'. மாற்றம் இன்னும் நடந்துகொண்டிருந்தால் 'கெட்டிங்' போடுங்கள். 'இருட்டிக்கிட்டு வருது, கிளம்புவோம்' என்பதற்கு 'இட்ஸ் கெட்டிங் டார்க், லெட்ஸ் கோ' என்றால் போதும்.

'வாஸ்' போடுவதா 'காட்' போடுவதா என்ற குழப்பமும் இதிலேயே தீர்ந்துவிடும். ஜூன் மாதம் சாரல் கட்டும்போது குற்றாலம் போயிருக்கிறீர்கள் என்று வையுங்கள். 'ஐ வாஸ் வெட்' என்றால் நனைந்த கோலத்தில் இருந்தேன், எப்போது நனைந்தேன் என்பது பேச்சில்லை. 'ஐ காட் வெட்' என்றால் காய்ந்த ஆளாகப் போய் நனைந்த ஆளாக ஆனேன். கல்யாணத்துக்கும் இதே கணக்குத்தான்: 'ஐ ஆம் மேரிட்' என்றால் நான் கல்யாணம் ஆனவன் என்ற நிலைமை, 'ஐ காட் மேரிட் இன் 2019' என்றால் 2019இல் கல்யாணம் நடந்தது. யாரைக் கட்டினோம் என்று சொல்லும்போது 'வித்' போடக் கூடாது, 'காட் மேரிட் டு'தான் சரி. நம்ம ஊர் மேடைப் பேச்சிலேயே இந்த 'வித்' சர்வசாதாரணமாக வருகிறது.

சரி, இந்த 'ஆயிட்டு' எல்லா இடத்திலும் கைகொடுக்குமா என்றால் இல்லை. 'ஆ' இல்லாத வெறும் 'ட்டு' இருக்கிறது பாருங்கள், அது வேறு சங்கதி. 'பஸ் போயிட்டு', 'கரண்டு வந்துட்டு', 'மழை பெஞ்சிட்டு' என்று போகிறதற்கும் வருகிறதற்கும் அதனதன் வினைச்சொல் தமிழிலேயே இருக்கிறது, இங்கிலீஷிலும் 'தி பஸ் ஹேஸ் லெஃப்ட்', 'தி பவர் இஸ் பேக்' என்று வேறு சொற்கள் இருக்கின்றன, அங்கே 'காட்'டை நுழைக்காதீர்கள். ஹாட், வெட், டயர்ட், ஆங்ரி, ரெடி என்று ஒரு தன்மையைச் சொல்கிற வார்த்தை இங்கிலீஷில் பின்னால் வந்தால்தான் 'ஆயிட்டு' அர்த்தத்தில் 'காட்' உட்காரும்.

அடுத்து, ஆள் ஒரு பதவிக்கோ தொழிலுக்கோ வரும்போது 'கெட்' ஆகாது. 'அக்கா டாக்டர் ஆயிட்டா' என்பதை 'மை சிஸ்டர் காட் எ டாக்டர்' என்று சொன்னீர்களோ, போச்சு. யாருக்கோ உடம்பு சரியில்லை, அக்கா ஓடிப்போய் ஒரு டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தாள் என்று எதிரே இருப்பவர் புரிந்துகொள்வார். கல்யாணப் பேச்சு நடக்கிற வீடாக இருந்தால் இன்னும் வில்லங்கம், மாப்பிள்ளை டாக்டர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம். அங்கே 'பிகேம்' போடுங்கள்: 'மை சிஸ்டர் பிகேம் எ டாக்டர்'.

பால், குழம்பு, மீன் இதெல்லாம் கெட்டுப்போனால் 'கெட் பேட்' என்று சொல்வதில்லை, 'கோ' வரும்: 'தி மில்க் ஹேஸ் கான் பேட்'. நரை விழுந்தால் 'வென்ட் க்ரே', கண் தெரியாமல் போனால் 'வென்ட் பிளைண்ட்'. தமிழிலும் இந்த இடங்களில் 'கெட்டுப் போச்சு', 'தெரியாமப் போச்சு' என்று 'போ'தான் வருகிறது, அதனால் நமக்கு இது தானாகவே வந்துவிடும்.

இரண்டாம் படி: 'எனக்குக் கிடைச்சுது'

பெரும்பாலானவர்கள் பள்ளிக்கூடத்தில் படித்த அர்த்தம் இதுதான், அதனால் எளிது என்று நினைப்போம். ஆனால் நம்ம ஆட்கள் அதிகமாகத் தடுமாறுவது இங்கேதான். தமிழில் கிடைத்த பொருள்தான் எழுவாய், ஆள் 'எனக்கு', 'அவனுக்கு' என்று பக்கத்தில் நிற்பான். அதை அப்படியே தூக்கி வைத்தால் 'டிக்கெட் காட்டா?', 'ஜாப் நாட் காட்' என்று வரும். இங்கிலீஷில் ஆள் முன்னால் வர வேண்டும், பொருள் பின்னால். 'எனக்கு வேலை கிடைச்சிட்டு': 'ஐ காட் தி ஜாப்'. 'நெல்லை எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் கிடைச்சுதா?': 'டிட் யூ கெட் எ டிக்கெட் ஆன் தி நெல்லை எக்ஸ்பிரஸ்?' ஆளுக்கு மட்டும் என்றில்லை, ஊருக்கும் பொருளுக்கும் இப்படியே சொல்லலாம். பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை 'பத்தமடை மேட்ஸ் காட் தி ஜிஐ டேக்' என்று சொல்ல வேண்டும்.

'எங்க ஊர்ல நல்ல அல்வா கிடைக்கும்' என்று பொதுவாகச் சொல்லும்போது யார் பெயரை முன்னால் போடுவது? 'யூ' போடுங்கள். 'யூ கெட் குட் ஹல்வா இன் திருநெல்வேலி'. எதிரே இருப்பவரைக் குறித்து அல்ல, வருகிற போகிற எல்லாருக்கும் கிடைக்கும் என்று அர்த்தம். 'குட் ஹல்வா இஸ் கெட்டிங் ஹியர்' என்று சொன்னால் அல்வா எதையோ வாங்கிக்கொண்டிருக்கிறது என்றாகிவிடும்.

கிடைக்கிறது மட்டுமில்லாமல், போய் எடுத்து வருவதும் இதே 'கெட்'தான். 'குட் யூ கெட் மீ எ டீ?' என்றால் ஒரு டீ வாங்கிக் கொண்டுவர முடியுமா என்று கேட்பது. 'கெட் மீ எ டீ' என்று மொட்டையாகச் சொன்னால், 'ஏல, ஒரு டீ வாங்கிட்டு வா' என்கிற தோரணை வந்துவிடும், ஆபீஸில் மூத்தவர்களிடம் வேண்டாம். காலிங்பெல் அடிக்கும்போது யாராவது 'ஐ வில் கெட் இட்' என்றால் குழம்ப வேண்டியதில்லை, நான் போய்க் கதவைத் திறக்கிறேன் என்று அர்த்தம். போன் அடித்தாலும் அதே வார்த்தைதான்.

உடம்பு சமாச்சாரத்தில் கொஞ்சம் கவனம். 'தலை வலிக்கு' என்பதை 'ஐ ஆம் கெட்டிங் ஹெட்டேக்' என்று சொல்வது நம்ம பக்கம் வழக்கம். 'ஐ ஆம் கெட்டிங் எ ஹெட்டேக்' என்றால் தலைவலி இப்போதுதான் லேசாகத் தலைகாட்டுகிறது. நன்றாக வலித்துக்கொண்டிருந்தால் 'ஐ ஹேவ் காட் எ ஹெட்டேக்'. 'ஐ கெட் ஹெட்டேக்ஸ்' என்றால் எனக்கு அடிக்கடி வருகிற வழக்கம் உண்டு. டாக்டரிடம் எதைச் சொல்கிறோம் என்பதில் வித்தியாசம் இருக்கிறது இல்லையா.

'புரிஞ்சிட்டு' என்பதும் கிடைத்த கணக்கில்தான் சேரும். 'காட் இட்' என்றால் சரி, புரிந்துவிட்டது. 'ஐ டிடின்ட் கெட் தட்' என்றால் நீங்கள் சொன்னது பிடிபடவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள். இன்டர்வியூவில் கேள்வி காதில் சரியாக விழாதபோது 'வாட்?' என்று கேட்பதைவிட 'சாரி, ஐ டிடின்ட் கெட் தட்' எவ்வளவோ மரியாதை. இந்த ஒரு வரியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போனாலும் லாபம்தான்.

மூன்றாம் படி: ஏறி, இறங்கி, போய்ச் சேர

'கெட் டு' என்றால் ஓரிடத்துக்குப் போய்ச் சேருவது. 'ஹௌ டு ஐ கெட் டு பாபநாசம்?' என்றால் பாபநாசத்துக்கு எப்படிப் போகணும். 'வீ காட் டு அம்பாசமுத்திரம் அட் நைன்' என்றால் ஒன்பது மணிக்கு அம்பை போய்ச் சேர்ந்தோம். ஆனால் ஹோம், ஹியர், தேர் என்ற மூன்றுக்கும் இந்த 'டு' கூடாது. 'ஐ காட் ஹோம்' சரி, 'ஐ காட் டு ஹோம்' தப்பு. தமிழிலும் 'இங்கே வந்தேன்', 'அங்கே போனேன்' என்றுதானே சொல்கிறோம், 'இங்கேக்கு வந்தேன்' என்று யாரும் சொல்வதில்லை.

இனி பஸ். புது பஸ் ஸ்டாண்டில் தென்காசி வண்டியில் ஏறி ஆலங்குளத்தில் இறங்க வேண்டும் என்றால் 'கெட் ஆன் தி பஸ் அட் தி நியூ பஸ் ஸ்டாண்ட் அண்ட் கெட் ஆஃப் அட் ஆலங்குளம்'. நாம் எல்லாரும் 'கெட் டவுன்' என்றுதான் சொல்வோம், கண்டக்டரும் அப்படித்தான் சொல்வார், நம் நாட்டு இங்கிலீஷில் அது ஊறிப்போய்விட்டது. உள்ளூரில் யாரும் தப்பாக நினைக்கப் போவதில்லை. வெளிநாட்டுக்காரரிடம் 'கெட் டவுன்' என்றால் மரத்திலிருந்தோ சுவரிலிருந்தோ கீழே இறங்கு என்றோ, தலையைக் குனிந்து தரையோடு தரையாகப் படு என்றோதான் அவருக்குத் தோன்றும். லண்டனில் ஓடும் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரரிடம் திடீரென்று 'கெட் டவுன்!' என்று சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆட்டோவுக்கும் காருக்கும் 'ஆன்' வராது. 'கெட் இன் தி ஆட்டோ', 'கெட் அவுட் ஆஃப் தி கார்'. இதற்கு ஒரு சுளுவான சோதனை: உள்ளே எழுந்து நின்று நாலு அடி நடக்க முடிகிற வண்டி என்றால் ஆன், ஆஃப். அது பஸ், ரயில், விமானம், கப்பல். குனிந்து நுழைந்து உட்காரத்தான் முடியும் என்றால் இன், அவுட். பைக்கும் சைக்கிளும் காலைத் தூக்கிப் போட்டு ஏறுகிற வண்டி, அதற்கும் ஆன், ஆஃப்தான்.

குறுக்கே கடப்பது 'கெட் அக்ராஸ்'. 1843இல் கட்டிய சுலோச்சன முதலியார் பாலம் இருப்பதால்தான் பாளைக்காரர்கள் தாமிரபரணியைத் தாண்டி ஜங்ஷனுக்கு 'கெட் அக்ராஸ்' பண்ண முடிகிறது. இதே 'கெட் அக்ராஸ்' நம் கருத்தை அடுத்தவர் மண்டையில் ஏற்றுவதற்கும் வரும். 'ஐ குட்ன்ட் கெட் மை பாயின்ட் அக்ராஸ்' என்றால் என்னதான் சொல்லியும் நான் சொல்ல வந்தது அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை.

நான்காம் படி: முடி வெட்டியது யார்?

மற்றதெல்லாம் தப்பாகச் சொன்னாலும் ஆள் எப்படியோ புரிந்துகொள்வார். இதில் தப்பினால் அர்த்தமே மாறிவிடும், நம்மில் முக்கால்வாசிப் பேர் தப்புவதும் இதில்தான். வண்ணார்பேட்டை டீக்கடை ஒன்றில் இந்தப் பேச்சு இப்படித்தான் நடக்கும்:

"அண்ணாச்சி, 'ஐ கட் மை ஹேர்'னு சொன்னா ஆபீஸ்ல சிரிக்காங்க. நாமளும் முடி வெட்டினேன்னுதான சொல்லுதோம்?"

"யாருல வெட்டுனா?"

"கடைக்காரர்தான்."

"அப்ப நீ வெட்டல. காசு குடுத்துட்டுக் கண்ணாடியப் பாத்து உக்காந்துருந்த, அவ்வளவுதான். இங்கிலீஷ்காரன் அதுல கறாரா இருப்பான்."

"அப்ப 'ஹி கட் மை ஹேர்'னு சொல்லட்டுமா?"

"சொல்லலாம். உடனே ஹின்னா யாருன்னு கேப்பான். கடைக்காரர் பேரு இங்க யாருக்கு வேணும்? 'ஐ காட் மை ஹேர் கட்'னு சொல்லிட்டுப் போயிரு."

அண்ணாச்சி சொன்னதுதான் விஷயம். வேலையைச் செய்தது வேறொருவர், செய்துகொண்டது நாம். தமிழில் 'வெட்டிக்கிட்டேன்' என்று சொன்னாலும், 'வெட்டிட்டு வந்தேன்' என்று சொன்னாலும், வெறுமனே 'வெட்டினேன்' என்று சொன்னாலும் கேட்கிறவருக்குக் கடைக்குப் போய் வந்தது புரிந்துவிடும். இங்கிலீஷில் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வரிசை இதுதான்: ஆள், காட், பொருள், அப்புறம் மூன்றாவது வினை வடிவம். வினைச்சொல் பொருளுக்குப் பின்னால் போய் நிற்கிறது என்பதை மட்டும் மறக்கக் கூடாது, முன்னால் வைத்தால் நீங்களே செய்ததாகிவிடும்.

'பைக்க சர்வீஸ் விட்டு எடுத்தேன்': 'ஐ காட் மை பைக் சர்வீஸ்ட்'. 'ஜாக்கெட் தைக்கக் குடுத்து வாங்கினேன்': 'ஐ காட் எ பிளவுஸ் ஸ்டிட்ச்ட்'. 'மாவு திரிச்சிட்டு வந்தேன்': 'ஐ காட் தி ரைஸ் கிரவுண்ட்'. 'ஆதார்ல அட்ரஸ் மாத்திட்டேன்': 'ஐ காட் தி அட்ரஸ் சேஞ்ச்ட் இன் மை ஆதார்'. 'பல்லு புடுங்கிட்டு வாரேன்' என்று ஆபீஸில் லீவு கேட்கிறவர்கள் 'ஐ ஆம் கெட்டிங் எ டூத் புல்ட் அவுட்' என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் நீங்களே குறடு எடுத்துக்கொண்டு உட்கார்ந்த காட்சிதான் மேனேஜர் கண்ணில் நிற்கும்.

வீடு கட்டுவதில் மட்டும் இங்கிலீஷ்காரர்களும் நம்மைப்போலத்தான். கொத்தனார் கட்டினாலும் 'வீ பில்ட் எ ஹவுஸ்' என்று அவர்களும் சொல்கிறார்கள். காசைக் கொட்டி அலைந்து திரிந்தவனுக்கு அவ்வளவு உரிமைகூட இல்லையா என்ன.

ஆளைக்கொண்டு செய்விக்கும்போது ஒரு 'டு' சேரும். 'ஐ காட் மை ஃபாதர் டு சைன்' என்றால் அப்பாவிடம் கெஞ்சியோ பேசிச் சரிக்கட்டியோ கையெழுத்து வாங்கியது. 'ஐ மேட் மை ஃபாதர் சைன்' என்றால் கட்டாயப்படுத்தி வாங்கிய மாதிரி இருக்கும், அங்கே 'டு' இல்லை. 'கெட்'டில் எப்போதும் கொஞ்சம் மல்லுக்கட்டு இருக்கும். அதனால்தான் பிடிவாதம் பிடிக்கிற பொருளுக்கும் அதைச் சொல்கிறார்கள்: 'ஐ குட்ன்ட் கெட் தி பைக் டு ஸ்டார்ட்', உதை உதை என்று உதைத்தும் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை.

ஐந்தாம் படி: மாட்டிக்கொண்டால்

நமக்கு நேர்ந்த வம்பைச் சொல்லவும் 'காட்' வரும், தமிழில் 'படு', 'மாட்டு' என்று வருகிற இடங்களில். 'அடிபட்டுட்டு': 'ஹி காட் ஹர்ட்'. 'நாய் கடிச்சிட்டு': 'ஐ காட் பிட்டன் பை எ டாக்'. 'லிஃப்ட்ல மாட்டிக்கிட்டோம்': 'வீ காட் ஸ்டக் இன் தி லிஃப்ட்'. பிடிபட்டான் என்பதற்கு 'ஹி காட் காட்'. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே காட்டுதான், பேசும்போது முதல் காட்டைக் குட்டையாக வெட்டி இரண்டாவதை நீட்டுங்கள். 'வாஸ்' போட்டாலும் தப்பில்லை, 'காட்' போட்டால் பேச்சு வழக்காகவும் கொஞ்சம் 'ஐயோ பாவம்' என்கிற தொனியோடும் இருக்கும்.

ஆறாம் படி: வாலாக ஒட்டுகிற குட்டிச் சொற்கள்

ஓவர், த்ரூ, பை, அலாங் என்று 'கெட்'டுக்குப் பின்னால் ஒட்டுகிறவை ஏகப்பட்டது. மொத்தத்தையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். நம்ம பேச்சில் எதற்கு ஏற்கெனவே ஒரு ஈடு இருக்கிறதோ அதிலிருந்து தொடங்குங்கள்.

யாராவது 'எப்படிப் போகுது?' என்று கேட்டால் 'ஏதோ ஓடுது' என்போமே, அதுதான் 'கெட்டிங் பை'. வருமானம் கையைக் கடிக்கிறது, ஆனாலும் வண்டி ஓடுகிறது. மாமியாரும் மருமகளும் ஒத்துப்போவது 'கெட் அலாங்', 'தே டோன்ட் கெட் அலாங்' என்றால் இரண்டு பேருக்கும் ஆகாது. போனில் லைன் கிடைக்காவிட்டால் 'ஐ குட்ன்ட் கெட் த்ரூ', பரீட்சையில் தேறினாலும் 'காட் த்ரூ'. துக்கத்திலிருந்தும் காய்ச்சலிலிருந்தும் மீண்டு வருவது 'கெட் ஓவர்'. 'செய்யணும்னுதான் இருந்தேன், நேரம் வாய்க்கல' என்று நீட்டி முழக்குவதற்கு 'ஐ டிடின்ட் கெட் அரவுண்ட் டு இட்' என்று ஒரே வீச்சில் சொல்லிவிடலாம், ஆபீஸில் ரொம்ப உபயோகப்படும், அளவோடு உபயோகிக்கவும்.

'கெட் அவே வித்' கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. தப்பு செய்தவன் தண்டனை இல்லாமல் நழுவிவிடுவதற்கு இது. ஹெல்மெட் இல்லாமல் போனான், போலீஸ் நின்றது, ஆனாலும் பிடிக்கவில்லை: 'ஹி காட் அவே வித் இட்'. வெறும் 'காட் அவே' என்றால் தப்பி ஓடினான் என்று மட்டும்தான் ஆகும். 'வித் இட்' சேர்ந்தால்தான் செய்த வேலைக்கு ஒன்றும் ஆகாமல் போய்விட்டதே என்கிற வயிற்றெரிச்சலும் சேர்ந்து வரும்.

தொல்லை பிடித்த சாமானைத் தலைமுழுகுவது 'கெட் ரிட் ஆஃப்'. உயிரை வாங்குகிறவனை 'ஹி கெட்ஸ் ஆன் மை நெர்வ்ஸ்' என்று சொல்லுங்கள். 'சட்டுபுட்டுனு கிளம்புல' என்பதற்கு 'கெட் எ மூவ் ஆன்', இதைச் சேக்காளிகளிடமும் தம்பி தங்கையிடமும் சொல்லலாம், அத்தையிடம் சொல்ல வேண்டாம். வேலை கைக்குப் பழகி வசப்பட்டால் 'ஐ காட் தி ஹாங் ஆஃப் இட்'. ஊரின் தண்ணீரும் சாப்பாடும் பழகிப்போவது 'கெட் யூஸ்ட் டு'. இதில் 'டு'வுக்கு அடுத்து வினை வந்தால் 'இங்' ஒட்ட வேண்டும்: 'ஐ காட் யூஸ்ட் டு ஈட்டிங் சப்பாத்தி' என்றால் வடக்கே போய்ச் சொதியும் கூட்டாஞ்சோறும் இல்லாமல் சப்பாத்திக்கு நாக்கு பழகிவிட்டது. சொதிக்கு எதுவும் ஈடில்லை என்பது வேறு விஷயம்.

ஆபத்தான ஒன்று 'கெட் லாஸ்ட்'. 'ஐ காட் லாஸ்ட்' என்றால் வழி தப்பிட்டேன், சாதுவான வாக்கியம். அதையே எதிரே நிற்பவரைப் பார்த்து 'கெட் லாஸ்ட்!' என்றால் 'தொலைஞ்சு போ' என்று விரட்டுவது. 'டோன்ட் கெட் லாஸ்ட்' என்றாலோ வழியைத் தவறவிட்டுவிடாதே என்கிற அக்கறை. வாக்கியத்தின் முன்னால் 'ஐ' மாதிரி ஆள் இருக்கிறாரா, 'டோன்ட்' இருக்கிறதா என்று பார்த்துப் பேசுங்கள். சினிமாவில் 'வித்தியாசமான கெட்டப்பு' என்கிறார்களே, அது வேஷத்தைக் குறிக்கிற பெயர்ச்சொல். படுக்கையிலிருந்து எழுந்திருக்கிற 'கெட் அப்'போடு அதைக் குழப்ப வேண்டாம்.

கொஞ்சம் சில்லறை

'ஐ ஹேவ் காட் டூ பிரதர்ஸ்' என்றால் எனக்கு இரண்டு அண்ணன் தம்பிகள் இருக்கிறார்கள், அவ்வளவே. இதில் எந்த மாற்றமும் நடக்கவில்லை, 'ஆயிட்டு' இங்கே உதவாது. 'ஹேவ் காட் டு' என்றால் செய்தே ஆகவேண்டும், படங்களில் அது 'காட்டா' என்று காதில் விழும். அமெரிக்கர்கள் 'காட்டன்' என்று ஒன்று சொல்வார்கள், 'ஹி ஹேஸ் காட்டன் பெட்டர்' என்பதுபோல. பஞ்சு அல்ல, 'காட்'டின் மூன்றாவது வடிவம். பிரிட்டனில் பெரும்பாலும் 'காட்'டே போதும் என்று விட்டுவிட்டார்கள். 'ஃபர்காட்டன்' மட்டும் இரண்டு பக்கமும் நிற்கிறது. அதற்குள் ஒளிந்திருப்பதும் இதன் உறவுக்காரச் சொல்தான். 'கெட்' இங்கிலாந்துக்கே வந்தேறிச் சொல். கடல் தாண்டி வந்து குடியேறிய வட ஐரோப்பிய வைக்கிங்குகள் பேசிய 'கெட்டா' என்ற சொல் 1200 வாக்கில் இங்கிலீஷில் கலந்தது. ஊர்க்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டு எல்லா வேலைக்கும் ஏவிவிட்டார்கள்.

எங்கே 'கெட்' வேண்டாம்

பேச்சில் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தில், அதுவும் விண்ணப்பத்திலும் ஆபீஸ் கடிதத்திலும் குறைத்துக்கொள்வது நல்லது. திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு இங்கிலீஷில் மனு எழுதுகிறீர்கள் என்றால் 'ஐ காட் யுவர் லெட்டர்' வேண்டாம், 'ஐ ரிசீவ்ட் யுவர் லெட்டர்'. சான்றிதழ் வாங்கியதை 'அப்டெய்ன்ட்' என்றும், நிலைமை மோசமானதை 'பிகேம் வொர்ஸ்' என்றும், வந்து சேர்ந்ததை 'அரைவ்ட்' என்றும் எழுதுங்கள். மனுவில் 'வந்துட்டு, ஆயிட்டு' என்று தமிழில் எழுத மாட்டோமே, அதே அளவுகோல்தான். நண்பருக்கு வாட்ஸ்அப் அனுப்பும்போது நேர்மாறு. 'ஐ ஹேவ் அரைவ்ட் அட் மை ரெசிடென்ஸ்' என்று அனுப்பினால் கிண்டல் பண்ணியே கொன்றுவிடுவார்கள், 'காட் ஹோம்' என்று இரண்டு வார்த்தை போதும்.

பழகுவதற்கு

தனியாக நோட்டுப் போட்டு உட்கார வேண்டியதில்லை. வீட்டில் பேசுகிறபோது 'ஆயிட்டு', 'கிடைச்சிட்டு', 'மாட்டிக்கிட்டு' என்று வாயில் வருகிற நேரமெல்லாம் மனதுக்குள் இங்கிலீஷில் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். தொடங்குவதற்குச் சில வாக்கியங்கள் தருகிறேன், விடையைக் கையால் மறைத்துக்கொண்டு முயற்சி செய்யுங்கள்.

'காப்பி ஆறிட்டு.' 'தி காஃபி காட் கோல்ட்'. தமிழில் 'ஆயிட்டு' இல்லையே என்று தயங்க வேண்டாம், 'கோல்ட்' என்பது தன்மைச் சொல்.

'சித்தப்பாவுக்குப் புரொமோஷன் கிடைச்சிட்டு.' 'மை அங்கிள் காட் எ புரொமோஷன்'. ஆள் முன்னால்.

'அவரு ஹெட்மாஸ்டர் ஆயிட்டாரு.' 'ஹி பிகேம் எ ஹெட்மாஸ்டர்'. இங்கே 'காட்' போட்டால் ஹெட்மாஸ்டரைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார்.

'ஆச்சிக்குக் கண்ணாடி மாத்திட்டு வந்தோம்.' 'வீ காட் ஆச்சிஸ் கிளாசஸ் சேஞ்ச்ட்'. மாற்றியது கடைக்காரர்.

'வீரவநல்லூர்ல இறங்கிக்கிடுங்க.' 'ப்ளீஸ் கெட் ஆஃப் அட் வீரவநல்லூர்'.

'பஸ் நெரிசல்ல செருப்பு அறுந்துட்டு.' இதில் 'காட்'டைத் தேடாதீர்கள், 'மை செப்பல் ப்ரோக்', அவ்வளவுதான்.